அந்த அரை மணி நேரம்: ரியூஓ பட்டப் போட்டியிலிருந்து மியூரா விலக்கப்பட்ட விவகாரம்

2016 அக்டோபர் 12, புதன்கிழமை. சனிக்கிழமை காலை கியோட்டோவின் தென்ரியூஜி கோயிலில், ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியின் பெரிய பட்டங்களில் ஒன்றான ரியூஓவுக்கான பட்டப் போட்டியின் முதல் ஆட்டம் தொடங்க வேண்டும். பட்டத்தைக் கையில் வைத்திருப்பவர் வாதனாபே அகிரா. அவரை எதிர்க்கும் சேலஞ்சர் மியூரா ஹிரோயுக்கி. அன்று மாலை ஜப்பான் ஷோகி சங்கம் செய்தியாளர்களைக் கூப்பிட்டு, மியூரா விளையாட மாட்டார் என்று அறிவித்தது. டிசம்பர் 31 வரை அவருக்கு எந்த அதிகாரபூர்வ ஆட்டமும் கிடையாது. சேலஞ்சரைத் தேர்ந்தெடுக்கும் கடைசிச் சுற்றில் மியூராவிடம் தோற்ற மருயாமா தாதஹிசா அவருக்குப் பதிலாக உட்காருவார்.

சங்கம் சொன்ன காரணம், குறித்த நேரத்துக்குள் மியூரா விடுப்பு விண்ணப்பம் கொடுக்கவில்லை என்பது. உண்மையான காரணம் அன்றே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆட்டத்தின் நடுவே எழுந்து போய், கைப்பேசியில் மென்பொருளைப் பார்த்து நகர்த்துகிறார் என்று சக ஆட்டக்காரர்கள் அவரைச் சந்தேகப்பட்டார்கள்.

செஸ் உலகில் இப்போது மாதத்துக்கு ஒரு ஏமாற்றுப் புகார் கிளம்புகிறது. ஒவ்வொரு முறையும் சதவீதக் கணக்கும் ‘எனக்கு அப்படித் தோன்றியது’ என்ற பேச்சும் சேர்ந்தே வருகின்றன. அப்போதெல்லாம் எனக்கு மியூரா ஞாபகம்தான் வரும். இந்த விவகாரத்தில் விசாரணை முடிந்து, அறிக்கை வந்து, மன்னிப்பும் கேட்டாகிவிட்டது. அதனால் எங்கே தவறு நடந்தது என்பதைப் படிப்படியாகப் பார்க்க முடிகிறது.

ஆட்டமும் பட்டமும்

நம் சதுரங்கத்தின் வழித்தோன்றல்களில் ஒன்று ஷோகி. 81 கட்டங்கள், ஆளுக்கு 20 காய்கள். எல்லாக் காயும் ஒரே நிறம், ஆப்பு வடிவம். கூர்முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதை வைத்துத்தான் காய் யாருடையது என்று சொல்ல வேண்டும். வெட்டிய காயை நம் படையில் சேர்த்துக்கொண்டு, விரும்பிய காலிக் கட்டத்தில் மறுபடி இறக்கலாம் என்பதுதான் இதன் உயிர்நாடி. அதனால் ஆட்டம் முற்ற முற்ற சிக்கல் கூடிக்கொண்டே போகும். செஸ்ஸில் காய்கள் குறைந்து கடைசிக் கட்டம் தெளிவடைவது மாதிரி இங்கே நடப்பதில்லை.

பெரிய பட்டங்களில் பரிசுத்தொகையில் உச்சத்தில் இருந்தது ரியூஓ. யோமியூரி நாளிதழ் நடத்தும் போட்டி இது. 1988-ல் முதல் பட்டப் போட்டி நடந்தது. வெல்பவருக்கு 4 கோடி யென்னுக்கும் மேல் கிடைக்கும். பெயருக்குப் பின்னால் நமக்கும் ஒரு சின்னத் தொடர்பு இருக்கிறது. பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் ‘நாகராஜன்’ என்பதற்குப் போட்ட சொல்தான் ஜப்பானுக்குப் போய் ‘ரியூஓ’ ஆனது. ஷோகியில் எதிரி எல்லைக்குள் போய்ப் பதவி உயரும் தேர்க்காய்க்கும் அதே பெயர்தான்.

ஆறு பிரிவுகளாக ஆட்டக்காரர்களைப் பிரித்து, பிரிவுகளில் முன்னுக்கு வந்தவர்களைக் கொண்டு இறுதிச் சுற்று நடத்துவார்கள். ஆறாம் பிரிவில் அமெச்சூர்களுக்கும் இடம் உண்டு. கீழே தொடங்கும் ஒருவர் அதே ஆண்டில் பட்டத்துக்கே மோதலாம் என்பது இந்தப் போட்டியின் கவர்ச்சி. அந்த இறுதிச் சுற்றில் வெல்பவர் சேலஞ்சர் ஆவார். பட்டப் போட்டி ஏழு ஆட்டம், முதலில் நான்கு வென்றவருக்குப் பட்டம். ஒவ்வோர் ஆட்டமும் இரண்டு நாள், ஆளுக்கு எட்டு மணி நேரம். கோயில்களிலும் பழைய விடுதிகளிலும் ஊர் ஊராக நடக்கும்.

முதல் நாள் மாலை ஆட்டத்தை நிறுத்தும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நகர்த்த வேண்டியவர் தன் அடுத்த நகர்வைப் பலகையில் வைக்கமாட்டார். அந்த நேரத்து நிலை அச்சிட்ட தாளில், சிவப்புப் பேனாவால் காயைச் சுற்றி வட்டமிட்டு, அது போகும் கட்டத்துக்கு அம்புக்குறி போடுவார். இதே போல இரண்டு தாள். இரண்டையும் உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் இரண்டு ஆட்டக்காரர்களும் கையெழுத்துப் போட்டு நடுவரிடம் கொடுப்பார்கள். மறுநாள் காலையில் நடுவர் கத்தரியால் உறையை வெட்டி நகர்வைப் படிப்பார். ராத்திரி முழுக்க யோசித்து நகர்த்தும் சலுகை யாருக்கும் கிடைக்கக் கூடாது என்பதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

ஓர் இரவு யோசனைக்கே இவ்வளவு கவனமாகப் பூட்டுப் போட்ட ஆட்டம் இது. ஆனால் 2016 இலையுதிர் காலம் வரை, ஆட்டக்காரர் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போகத் தடை எதுவும் இருக்கவில்லை. அக்டோபர் 5-ல்தான் சங்கம் அந்தத் தடையை அறிவித்தது. அதுவும் டிசம்பர் 14 முதல்தான் அமல். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் மியூரா.

மியூரா யார்

1974-ல் குன்மா மாகாணத்தின் தக்காசாக்கியில் பிறந்தவர். 1996-ல் ஹாபு யோஷிஹாரு அன்றிருந்த ஏழு பட்டங்களையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தார். ஜப்பானே அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, கிசேய் பட்டத்தை அவரிடமிருந்து பறித்து அந்த ஏழைக் கலைத்தவர் 22 வயது மியூரா. அதற்கப்புறம் பல ஆண்டுகள் மெய்ஜின் பட்டத்துக்கான உச்சப் பிரிவில், அதாவது ஏ பிரிவில், நிலையாக இருந்தார்.

2013-ல் இன்னொரு முறை அவர் பெயர் பெரிதாக அடிபட்டது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஐந்து பேரும் ஐந்து மென்பொருள்களும் மோதிய டென்ஓ போட்டியில், மனிதர்கள் பக்கத்தின் கடைசி ஆள் அவர். எதிரே டோக்கியோ பல்கலைக்கழகத்தின் 600-க்கும் மேற்பட்ட கணினிகளை இணைத்து ஓடிய ஜிபிஎஸ் ஷோகி. மியூரா தோற்றார். மொத்தக் கணக்கில் மனிதர்களுக்கு ஒரு வெற்றி, மூன்று தோல்வி, ஒரு டிரா. மென்பொருளின் பலத்தை அவர் அளவுக்கு நேரில் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் குறைவு.

அடுத்த மூன்று ஆண்டுகளில் நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. அத்தனை கணினி தேவையில்லாமல் போனது. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளே வீட்டுக் கணினியில் தொழில்முறை ஆட்டக்காரரைத் தோற்கடிக்கும் அளவுக்கு வளர்ந்தது. எல்லோரும் அதை வைத்துத்தான் பயிற்சி எடுத்தார்கள். மியூராவும் எடுத்தார். மென்பொருளோடு பழகியவர் ஆட்டத்தில் மென்பொருளின் சாயல் தெரியும். ஆசிரியரின் கையெழுத்துச் சாயல் மாணவன் எழுத்தில் இருப்பது போலத்தான் அது.

சந்தேகம் வளர்ந்த விதம்

ஜூலை 26 அன்று ரியூஓ இறுதிச் சுற்றில் மியூராவும் குபோ தோஷியாக்கியும் மோதினார்கள். மியூரா வென்றார். தன் முறை வந்திருந்தபோது மியூரா சுமார் அரை மணி நேரம் இருக்கையில் இல்லை, திரும்பி வந்து நல்ல நகர்வு வைத்தார் என்பது குபோவின் ஞாபகம். அதை அவர் சங்கத்திடம் சொன்னார். இந்த அரை மணி நேரத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அடிக்கல் இதுதான்.

ஷோகியில் எழுந்து போவது தவறே கிடையாது. ரியூஓ இறுதிச் சுற்றில் ஆளுக்கு ஐந்து மணி நேரம், ஏ பிரிவில் ஆளுக்கு ஆறு மணி நேரம். காலை பத்து மணிக்குத் தொடங்கினால் நடுராத்திரி கூட ஆகும். தாதாமி பாயில் மண்டியிட்டும் சம்மணமிட்டும் உட்கார்ந்து கால் மரத்துப் போகும். எதிராளி நெடுநேரம் யோசிக்கும்போது வெளியே போய் முகம் கழுவுவார்கள், தாழ்வாரத்தில் நடப்பார்கள், வேறொரு அறையில் கொஞ்ச நேரம் படுப்பார்கள். பல தலைமுறையாக அதை யாரும் கணக்கு வைத்துக்கொண்டதில்லை.

ஆகஸ்ட், செப்டம்பரில் மருயாமாவுடன் மூன்று ஆட்டத் தொடர் நடந்தது. மியூரா 2-1 என்று வென்று சேலஞ்சர் ஆனார். அக்டோபர் 3 அன்று ஏ பிரிவு ஆட்டத்தில் அவர் வாதனாபேயையும் தோற்கடித்தார். பட்டப் போட்டியில் மோதப்போகும் இருவரும் பன்னிரண்டு நாள் முன்பு மோதிய ஆட்டம் அது. அந்தத் தோல்விக்கு அப்புறம்தான் வாதனாபேயின் சந்தேகம் உறுதிப்பட்டது.

வாதனாபேயை இங்கே வில்லனாக்குவது சுலபம். நான் அதைச் செய்யப்போவதில்லை. 2004 முதல் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து ரியூஓ பட்டத்தை வைத்திருந்த ஆள் அவர். 2007-லேயே பொனான்சா என்ற மென்பொருளோடு பொதுமேடையில் மோதி வென்றவர். இயந்திரம் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஏமாற்றும் ஒருவரோடு தன் பட்டத்துக்காக மோதப்போகிறோம் என்று ஒருவர் உண்மையிலேயே நம்பிவிட்டால், வாயை மூடிக்கொண்டு உட்கார முடியாது. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வது அவர் உரிமை. சொன்னதைக் கேட்டவர்கள் அப்புறம் என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

ஒத்துப்போகும் சதவீதம்

சந்தேகத்துக்கு இரண்டு கால்கள் இருந்தன. ஒன்று, இருக்கையை விட்டுப் போன நேரம். இன்னொன்று, அவருடைய நகர்வுகள் மென்பொருளின் முதல் தேர்வோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகின்றன என்ற கணக்கு. ‘கிக்கோ’ என்ற மென்பொருளில் ஆட்டத்தைப் போட்டுப் பார்த்து, எண் அதிகமாக இருக்கிறது என்றார்கள்.

இந்தக் கணக்கு எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஓர் எளிய உதாரணம். எதிராளி உங்கள் தேர்க்காயை வெட்டுகிறார். வெட்டிய காயை நீங்கள் திருப்பி வெட்ட வேண்டும், வேறு வழியில்லை. அந்த நகர்வைப் பள்ளிக்கூடப் பையனும் வைப்பான், மென்பொருளும் வைக்கும், மியூராவும் வைப்பார். கணக்கில் அது நூற்றுக்கு நூறு. அடுத்து, ஆட்டத்தின் முதல் 30, 40 நகர்வுகள் பெரும்பாலும் எல்லோருக்கும் மனப்பாடமான பாதை. அதுவும் ஒத்துப்போகும். வெல்லும் நிலையில் இருப்பவருக்கு நல்ல நகர்வு கண்ணெதிரே தெரியும், அங்கேயும் எண் ஏறும். ஒரு தரப்பு நொறுங்கிப்போன ஆட்டத்தில் வென்றவரின் சதவீதம் எகிறத்தான் செய்யும். முன்கூட்டியே வீட்டில் மென்பொருளோடு அலசி வைத்த பாதையில் ஆட்டம் போனால் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதே மென்பொருளில் அதே ஆட்டத்தை மறுபடி ஓட்டினால் அதே எண் வருவதில்லை. கணினியின் வேகம், கொடுத்த நேரம், எத்தனை நகர்வு ஆழம் என்பதைப் பொறுத்து முதல் தேர்வு மாறும். ஒரே ஆளுக்கு ஒரு நாளிலேயே ஐந்து விதமாகக் காட்டும் காய்ச்சல்மானியை நம்பி யாரும் மருந்து கொடுக்க மாட்டார்கள்.

கைப்பேசியிலிருந்து வீட்டுக் கணினியைத் தொலைவிலிருந்தே இயக்கும் செயலியைப் பயன்படுத்தியிருக்கலாம் என்ற ஊகமும் இதோடு சேர்ந்தது. ஊகத்தின் மேல் ஊகமாக அடுக்கிக்கொண்டே போகும்போது, கீழே இருக்கும் கல் உறுதியானதுதானா என்று பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

இரண்டு நாட்கள்

அக்டோபர் 10 அன்று, சங்கத்தின் நிர்வாகியும் ஆட்டக்காரருமான ஷிமா அகிராவின் வீட்டில் ஒரு கூட்டம். சங்கத் தலைவர் தனிகாவா கோஜி, ஹாபு, வாதனாபே உள்ளிட்ட முன்னணி ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். மியூரா இல்லை. ஒரு வார இதழ் இந்தச் சந்தேகத்தை அம்பலப்படுத்தப் போகிறது என்ற பேச்சும் அடிபட்டது. பட்டப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போது செய்தி வெடித்தால் போட்டியே நாறிவிடும் என்ற பயம் எல்லோருக்கும்.

அந்தக் கூட்டத்தில் தான் பேசியதைப் பற்றி ஹாபு பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். சந்தேகத்துக்கு இடமிருக்கிறது என்ற பொருளில் தான் பேசியது உண்மைதான், ஆனால் சந்தேகத்தை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது என்பதே அடிப்படை என்று நம்புகிறேன் என்றார். ஆக, அந்த அறையிலேயே சரியான கொள்கை ஒருவர் மனதில் இருந்திருக்கிறது. மறுநாளுக்குள் அது காணாமல் போனதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

11-ஆம் தேதி நிர்வாகக் குழு மியூராவைக் கூப்பிட்டு விசாரித்தது. வேறொரு அறையில் ஓய்வெடுத்தேன், தவறு எதுவும் செய்யவில்லை என்று அவர் மறுத்தார். இப்படிச் சந்தேகப்படும்போது பட்டப் போட்டியில் விளையாட முடியாது என்ற பொருளில் அவர் பேசியதாகவும், விடுப்பில் போக விரும்புவதாகச் சொன்னதாகவும் சங்கம் கூறியது. அடுத்த நாள் மதியம் மூன்று மணிக்குள் விடுப்பு விண்ணப்பம் கொடுக்கச் சொன்னார்கள். அவர் கொடுக்கவில்லை. செய்யாத தவறுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தால் அதுவே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும் என்று யாருக்கும் தோன்றும். எழுதிக் கொடுக்காததையே காரணமாக்கித் தடை விதித்தார்கள்.

நிர்வாகக் குழுவில் யார் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஷோகி சங்கம் ஆட்டக்காரர்களே நடத்தும் சங்கம். தலைவர் தனிகாவா முன்னாள் மெய்ஜின், அப்போதும் ஆடிக்கொண்டிருந்தவர். புகார் சொல்பவர், புகாருக்கு உள்ளானவர், தீர்ப்புச் சொல்பவர் எல்லோரும் ஒரே பட்டியலில் ஒருவரோடொருவர் மோதும் ஆட்கள். நல்ல எண்ணத்தோடு இருந்தாலும் அந்த இடத்திலிருந்து நடுநிலையான முடிவு வருவது கஷ்டம். சாதனங்களை வாங்கிச் சோதிக்கவோ, ஒளிப்பதிவை உட்கார்ந்து பார்க்கவோ அவர்களுக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

பதிலுக்கு உட்காரச் சொன்னபோது மருயாமா ஒத்துக்கொண்டார். கூடவே ஒன்றைப் பகிரங்கமாகச் சொன்னார். மியூராவோடு ஆடியபோது சந்தேகப்படும்படி எதையும் தான் உணரவில்லை, சங்கம் இதைக் கையாண்ட விதத்தில் தனக்குக் கேள்விகள் இருக்கின்றன என்று. மியூராவிடம் தோற்றவர், மியூரா விலகியதால் பலன் அடைந்தவர், அவரே இப்படிச் சொன்னார். இந்தக் கதையில் நான் அதிகம் மதிக்கும் வார்த்தைகள் அவருடையவைதான்.

தென்ரியூஜியில் ஒரு கருவி

அக்டோபர் 15 காலை. தென்ரியூஜியில் ஆட்டம் தொடங்கும் முன், உலோகம் கண்டுபிடிக்கும் கருவியால் இரண்டு ஆட்டக்காரர்களையும் சோதித்தார்கள். கைப்பேசி போன்ற சாதனங்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். நாம் ரயில் நிலையத்திலும் தியேட்டரிலும் தினமும் பார்க்கும் சோதனைதான். கிமோனோ உடுத்து வந்த தொழில்முறை ஆட்டக்காரரின் உடம்பில் அதைத் தடவிப் பார்ப்பது ஷோகி உலகத்துக்கு மனதை நோகடித்த காட்சி.

எனக்கு அந்தக் கருவி வேறொன்றைச் சொல்கிறது. மியூரா மேல் இருந்த சந்தேகம் என்ன? எழுந்து போய்க் கைப்பேசியைப் பார்க்கிறார் என்பது. அதைத் தடுக்கும் வழி அன்று காலை கோயிலிலேயே கையில் இருந்தது. வாதனாபேயையும் மருயாமாவையும் சோதித்த அதே கருவியால் வாதனாபேயையும் மியூராவையும் சோதித்திருக்கலாம். சாதனங்களை வாங்கி வைத்துக்கொண்டு, எழுந்து போனால் கூடவே ஓர் ஆளை அனுப்பியிருக்கலாம். அப்படி ஆடியிருந்தால் ஏமாற்ற வழியில்லை. ஏமாற்றாமல் அவர் எவ்வளவு பலசாலி என்பதையும் எல்லோரும் நேரில் பார்த்திருப்பார்கள். பழைய ஆட்டங்களைப் பற்றிய விசாரணை ஆற அமர நடந்திருக்கும்.

செஸ்ஸில் இதற்குப் பத்து ஆண்டு முன்பு, 2006-ல் எலிஸ்தாவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில், கிராம்னிக் அடிக்கடி கழிப்பறைக்குப் போகிறார் என்று டோபலோவ் தரப்பு புகார் செய்தது. கழிப்பறையைப் பூட்டினார்கள், கிராம்னிக் ஆட மறுத்தார், ஐந்தாவது ஆட்டம் டோபலோவுக்குப் போனது. அசிங்கமான சண்டைதான். ஆனாலும் போட்டி நிற்கவில்லை. இருவரும் பலகைக்குத் திரும்பினார்கள், சமநிலையை உடைக்க நடந்த டைபிரேக் ஆட்டங்களில் கிராம்னிக் வென்றார். ஓர் ஆட்டம் போனது, போட்டி போகவில்லை. மியூராவுக்கு மொத்தமும் போனது.

அறிக்கை

கண்டனம் வலுத்ததும், அக்டோபர் இறுதியில் சங்கம் வெளியாட்களைக் கொண்ட விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. நாட்டின் தலைமை அரசு வழக்குரைஞராக இருந்த தாடக்கி கெய்ச்சி அதற்குத் தலைவர். நான்கு ஆட்டங்களை எடுத்துக்கொண்டார்கள்: குபோவோடு ஆடியது, மருயாமாவோடு ஆடியதில் இரண்டு, அக்டோபர் 3 அன்று வாதனாபேயோடு ஆடியது. மியூராவின் கைப்பேசியையும் கணினிகளையும் நிபுணர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். ஒளிப்பதிவைப் பார்த்தார்கள். மற்ற ஆட்டக்காரர்களை விசாரித்தார்கள்.

குழு உட்கார்ந்திருந்த அதே நேரத்தில் பட்டப் போட்டியும் நடந்துகொண்டிருந்தது. அது ஏழாவது ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு போய், டிசம்பர் 22 அன்று 4-3 என்று வாதனாபேயின் வெற்றியில் முடிந்தது. நான்கு நாள் கழித்து, 26-ஆம் தேதி, அறிக்கை வந்தது.

மியூரா ஏமாற்றினார் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. கைப்பேசியில், கணினியில், எதிலும் தடயம் இல்லை. ஒத்துப்போகும் சதவீதத்தை மறுபடி கணக்கிட்டால் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது, அதே அளவு எண் மற்ற ஆட்டக்காரர்களுக்கும் வருகிறது, ஆகவே அதைச் சான்றாக எடுக்க முடியாது. அப்புறம் அந்த அரை மணி நேரம். ஒளிப்பதிவில் அப்படி ஒரு அரை மணி நேரமே இல்லை.

இதற்காகக் குபோவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தில், எதிரே காலியாகக் கிடக்கும் இருக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குப் பத்து நிமிடம் கூட நீளமாகத்தான் தெரியும். மனிதனின் ஞாபகம் கடிகாரமாக வேலை செய்யாது. அதனால்தான் கடிகாரத்தையும் ஒளிப்பதிவையும் பார்க்க வேண்டும். ஒருவரின் வாழ்நாள் வாய்ப்பைப் பறிப்பதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்.

அறிக்கையின் ஒரு பகுதியை என்னால் ஏற்க முடியவில்லை. போட்டி நெருங்கிவிட்டது, சந்தேகம் பரவிவிட்டது, அன்றைய சூழலில் தடை விதித்ததைத் தவிர்க்க முடியாதது என்றே சொல்ல வேண்டும் என்று குழு முடிவு செய்தது. தவிர்த்திருக்க முடியும். தென்ரியூஜி வாசலில் இருந்த கருவியே அதற்குச் சாட்சி. நேரம் இல்லை என்பது போட்டியைத் தள்ளிவைக்க ஒரு காரணமாகலாம். ஒருவரைத் தண்டிக்க அதைக் காரணமாக்கக் கூடாது.

அப்புறம் நடந்தவை

மறுநாள் சங்கம் மன்னிப்புக் கேட்டது. ஜனவரி 18 அன்று தனிகாவா பதவி விலகுவதாக அறிவித்தார். ஷிமாவும் விலகினார். பிப்ரவரி தொடக்கத்தில் சாத்தோ யாசுமிட்சு புதிய தலைவரானார். அதே மாதக் கடைசியில் நடந்த அவசரப் பொதுக்கூட்டத்தில், மிச்சமிருந்த நிர்வாகிகளில் மூவரை உறுப்பினர்களே வாக்களித்து நீக்கினார்கள். ஆட்டக்காரர்கள் தங்கள் கோபத்தைக் காட்டிய விதம் அது.

மே 24 அன்று மியூராவும் சங்கமும் சமரசம் செய்துகொண்டதை அறிவித்தார்கள். இழப்பீடு உண்டு, தொகை வெளியிடப்படவில்லை. வாதனாபே அவரிடம் மன்னிப்புக் கேட்டார். பழையதைப் பேசிக்கொண்டே இருக்காமல் ஆட்டத்தைப் பார்க்கிறேன் என்ற மனநிலைக்கு மியூரா வந்திருந்தார். அது அவருடைய பெருந்தன்மை. அதை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று மற்றவர்கள் சொல்லிக்கொள்ளக் கூடாது.

மியூரா திரும்பி ஆடிய முதல் ஆட்டம் 2017 பிப்ரவரி 13. நான்கு மாத இடைவெளிக்கு அப்புறம், டோக்கியோ செந்தகாயாவில் உள்ள ஷோகி மாளிகையில். போட்டி, அடுத்த ஆண்டுக்கான அதே ரியூஓ. எதிரே ஹாபு. மியூரா தோற்றார்.

இதே நேரத்தில் இன்னொரு கதையும் தொடங்கியிருந்தது. அறிக்கை வருவதற்கு இரண்டு நாள் முன்பு, 2016 டிசம்பர் 24 அன்று, ரியூஓ ஆறாம் பிரிவில் 14 வயது ஃபுஜி சோட்டா 76 வயது கத்தோ ஹிஃபுமியை வென்று தன் தொழில்முறை வாழ்க்கையைத் தொடங்கினார். தொடர்ந்து 29 வெற்றி. ஜப்பானே பையனைப் பற்றிப் பேச ஆரம்பித்தது, மியூரா விவகாரம் மெல்ல மறந்துபோனது. மென்பொருளோடு பழகி வளர்ந்த அந்தத் தலைமுறையின் நகர்வுகள் மென்பொருளோடு ஒத்துப்போனால் இன்று யாரும் சந்தேகப்படுவதில்லை, பாராட்டுகிறார்கள். 2016-ல் சந்தேகத்துக்குக் காரணமான மென்பொருளின் கணிப்புதான் இன்று நேரலையில் ஒவ்வொரு நகர்வுக்கும் திரையோரத்தில் ஓடுகிறது.

தடைக்காலத்தில் ஆடாமல் போன ஆட்டங்களால் மியூராவை ஏ பிரிவிலிருந்து கீழே இறக்குவது நியாயமில்லை என்று அவர் இடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அதனால் பத்துப் பேர் ஆட வேண்டிய பிரிவில் அடுத்த ஆண்டு பதினொரு பேர். கடைசிச் சுற்று 2018 மார்ச் 2 அன்று ஷிசுவோக்காவில் நடந்தது. ஓர் அறையில் மியூராவும் வாதனாபேயும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இருவருக்கும் கீழே இறங்கும் ஆபத்து. மியூரா வென்று தங்கினார். வாதனாபே தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஏ பிரிவிலிருந்து இறங்கினார். சாதனங்கள் எல்லாம் வெளியே, பலகைக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆட்டக்காரர்கள் மட்டும்.

அந்த ஆட்டத்தை நினைக்கும்போதெல்லாம், இதே இருவர் 2016 அக்டோபரில் தென்ரியூஜியில் தொடங்கி ஆடியிருக்க வேண்டிய ஆட்டங்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசிப்பேன். பதிவேட்டில் 29-ஆம் ரியூஓ போட்டியின் சேலஞ்சர் இடத்தில் மருயாமாவின் பெயர் இருக்கிறது. அப்போது மியூராவுக்கு 42 வயது. அதற்குப் பின் 2025 வரை நடந்த ரியூஓ பட்டப் போட்டிகள் எதிலும் அவர் சேலஞ்சராக வரவில்லை.